ரீமுக்கு ஒரு பங்கு மீன்

நான் இருக்கிற இந்த இங்கிலாந்துப் பட்டணத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் என் அலுமாரிக்குள் இருக்கிற கோப்பைகள் தாமாகக் கிணுகிணுக்கும். தெருமுனையில் உதைபந்தாட்ட மைதானம். கோல் விழுந்தால் சனத்தின் இரைச்சல் சுவரையும் தாண்டி வந்து வீட்டை உலுக்கும். பதினேழு வருடமாகக் கேட்கிறேன். ஒரு பந்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

பக்கத்து வீட்டு டெரிக் என் வயதுக்காரர். சனிக்கிழமையானால் நீலச் சால்வையைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். இந்த வருடம் போகக் காணவில்லை. கேட்டேன். உதைபந்தாட்டக் கழகத்தை எங்கோ தூரதேசத்துப் பணக்காரர் ஒருவர் வாங்கிவிட்டாராம். டெரிக்கும் செத்துப்போன மனைவியும் நாற்பது வருடம் இருந்து பார்த்த இடத்தை உடைத்து, காசுக்காரருக்குக் கண்ணாடி அறை கட்டிவிட்டார்களாம். மற்ற இடங்களின் விலை பென்சனுக்கு எட்டாதாம். சொல்லிக்கொண்டே பூச்சாடிக்குத் தண்ணீர் விட்டார். சாடி நிரம்பி வழிந்தது, அவர் கவனிக்கவில்லை. அந்தப் பணக்காரரை நான் வாயில் வந்தபடி வைதேன்.

எங்கள் ஊர் குருநகரில், அந்தக் காலத்தில் என் புருஷன்தான் எங்கள் உதைபந்தாட்ட ரீமின் கோல் காப்பாளர். மச் விளையாட்டு நாள் வந்தால் கரைக்கு வருகிற ஒவ்வொரு வள்ளமும் ரீமுக்கென்று ஒரு பங்கு மீன் ஒதுக்கும். அதை விற்றுத்தான் பந்தும் காலுக்குச் சப்பாத்தும். பங்கு கொடுத்த வீட்டாரை, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நில் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. என் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவா: "என்ரை மீனிலை வாங்கின சப்பாத்தடா அது! உதையன்ரா!" கடல் கடந்து வந்த பிறகும் நான் ரீமை மறக்கவில்லை, வருடாவருடம் காசு அனுப்புகிறேன். ஊர் மைதான மதிலில் என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். மகள் போனில் படம் காட்டியபோது எழுத்துக்கூட்டி வாசித்து, இன்னொருதரமும் வாசித்தேன்.

பங்கு கொடுத்தவரை வாசலில் மறிக்கமாட்டார்கள் என்ற நினைப்பில்தான் ஒரு பிழை விட்டேன். அடுத்த சனிக்கிழமை ஒரு தட்டு நிறைய மீன் கட்லட் பொரித்து, டெரிக்கையும் இழுத்துக்கொண்டு மைதான வாசலுக்குப் போனேன்.

"இங்கே விற்கக் கூடாது" என்றான் காவலாளி.

"நோ செல். பிளேயருக்கு. இது இவருடைய ஷெயர்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில்.

அவன் டெரிக்கைப் பார்த்து, "உள்ளே போக ரிக்கற் போனில் இருக்கிறதா?" என்று கேட்டான். டெரிக்கின் காது சிவந்துவிட்டது. பாவம், காவலாளியும் கெட்டவனில்லை. ஒரு கட்லட்டை எடுத்துத் தின்று, நல்லாயிருக்கிறது என்றான். கதவைத்தான் திறக்கவில்லை.

வீட்டு வாசற்படியில் இருந்து மிச்சத்தை நாங்கள் தின்றுகொண்டிருக்க, ஊரிலிருந்து தம்பி அன்ரன் போன் எடுத்தான். இன்னும் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன்.

"இண்டைக்கு எங்கடை மச் எல்லோ? வெண்டதோ?" என்று கேட்டேன்.

"வெண்டதாம். நான் போகேல்லை அக்கா."

"ஏன்ரா?"

"நீங்கள் வெளியிலை இருந்து அனுப்புற காசுக்கு வெளியூர்ப் பெடியளைக் கூலிக்குப் பிடிச்செல்லோ விளையாடுறாங்கள். எங்களிட்டை இப்ப ஆரும் மீன் கேக்கிறேல்லை. மீன் குடுக்காமல் என்ன வாயாலை நிண்டு கத்துறது?"

தூரதேசத்துப் பணக்காரருக்கு நான் வைத வசவெல்லாம் திரும்பி வந்து என் மடியில் விழுந்தது.

"நான் இனிக் காசு அனுப்பமாட்டன் எண்டு சொல்லு. வள்ளங்களிட்டைப் போய்ப் பங்கு கேக்கட்டும்."

"விசர் பிடிச்சிட்டுதே அக்கா? மதிலிலை கிடக்கிற உங்கடை பேரை அழிச்சுப்போடுவாங்கள்."

"அழிக்கட்டும்."

சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் இரைச்சல் எழும்பியது. டெரிக் பாதிக் கட்லட்டோடு எழும்பி, தெருமுனை மதிலைப் பார்த்தபடி நின்றார். உள்ளே கோப்பைகள் கிணுகிணுத்தன.

"என்னக்கா சத்தம்? ஆர் கோல் அடிச்சது?"

"தெரியாதடா" என்றேன். "நாங்கள் வெளியிலை நிக்கிறம்."