அத்தையின் காலில் நீலக் கோடு

அத்தையின் கெண்டைக்காலைச் சுற்றி டாக்டர் நீலப் பேனாவால் கோடு போட்டது ஒரு திங்கட்கிழமை மாலை. கல்மண்டபத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்த சின்ன கிளினிக் அது. மீன் கூடையைக் கொட்டும்போது அவள் கணுக்காலில் கெளுத்தி முள் ஏறி இரண்டு நாளாகியிருந்தது. கால் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. சிவப்பின் ஓரத்தை ஒட்டியே கோட்டை வளைத்த டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்து, காலை உயர்த்தி வைத்துப் படுத்தே இருக்கச் சொன்னார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், சர்க்கரை உள்ள உடம்பு, விளையாடக் கூடாது என்றார். அத்தை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

அவள் என் அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்றுத் தனியாகவே காலம் தள்ளினாள். நல்ல பருமன். சந்தில் அவள் வந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒல்லியானவர்களைக் கண்டால் அவளுக்குப் பாவமாக இருக்கும், என்னைக் கண்டால் ரொம்பவே. "சதை கீற ஒடம்பு கண்ணு, எதையும் தாங்கும்" என்பாள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதை நம்பினோம். நர்ஸ் படிப்பு படித்த நானும் உள்ளுக்குள் கொஞ்சம் நம்பினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பத் தொடங்கிய வாரம் அது. இரண்டு மாதம் வெறிச்சோடிக் கிடந்த துறைமுகத்தில் அந்த வாரம்தான் மீன் வந்து குவியும். அப்போது போய் நிற்காதவளின் இடத்தில் வேறொருத்தி கூடையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பிறகு அவளை எழுப்ப யாராலும் ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அத்தை வீட்டில் படுத்திருக்கிறாள் என்று நம்பினேன். கல்யாணமாகி நான் திருவொற்றியூரில் இருந்தேன். தினமும் மாலை பஸ் ஏறுமுன் அவள் வீட்டுக்குப் போய்ப் புடவையை விலக்கிக் காலைப் பார்ப்பேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. "உள்ளதான் கீது பாரு" என்று அவளே காட்டுவாள். வலியும் அவ்வளவாக இல்லை என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போனபோது குளிர்ஜுரத்தில் பினாத்திக்கொண்டு கிடந்தாள். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்திருந்தது. ஏலத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் அக்காவோடு ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஈரப் பஞ்சால் காலைத் துடைத்தபோதுதான் பார்த்தேன். வெளியே பளிச்சென்று ஒரு கோடு. அதற்குள்ளே, சிவப்பின் நடுவிலேயே, தேங்காயெண்ணெய் தேய்த்தும் முழுசாக அழியாத மூன்று மங்கலான கோடுகள். சிவப்பு ஏற ஏற, நான் வருவதற்கு முன் பழைய கோட்டை அழித்துவிட்டு மேலே புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் ஒரு நாள்கூட ஏலத்தைத் தவறவிடவில்லை என்று அந்த அக்கா சொன்னாள். வலி எடுத்தால் மீன் பெட்டி ஐஸில் காலைப் புதைத்துக்கொண்டு நின்றாளாம்.

கொழுப்பு மூட்டை மாதிரி சும்மா கிடக்கிற பொருள் இல்லை என்று அங்கிருந்த டாக்டர் எனக்கு விளக்கினார். கிருமி பட்டதும் கொழுப்பு செல்லே கத்தி ஊரைக் கூட்டுமாம். வீக்கமும் சூடும் அப்படிக் கூடின கூட்டம்தான். அது கலையாவிட்டால் உடம்பையே அடிக்கும், இன்சுலினையும் வேலை செய்ய விடாது, சர்க்கரை இறங்காது என்றார். தாங்கும் என்று நாங்கள் நினைத்த சதைதான் உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. இப்போது நான் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். யார் காலில் கோடு போட்டாலும் பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் தோலிலேயே எழுதுகிறேன். அதனால் யாராவது பிழைத்தார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், வெட்டி எடுக்க வேண்டிய இடம் என்று டாக்டர் தொடையின் நடுவில் அடையாளம் வைத்தார். அத்தைக்குக் கொஞ்சம் நினைவு வந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டராண்ட சொல்லு கண்ணு. முட்டிக்குக் கீழ எடுக்கச் சொல்லு. முட்டி இருந்தா கட்டைய வெச்சிகினாவது நின்னுப்பேன்."

வெளியே போனேன். வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்து, "சொல்லிட்டேன் அத்தை, முட்டிக்குக் கீழதான்" என்றேன். அவள் என்னை நம்பினாள்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவள் கை போர்வைக்கு மேலேயே முட்டியைத் தேடிப் போனது. தொடையைத் தாண்டியதும் மெத்தையில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடம் பேசினாள், ஆயாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். என்னோடு மட்டும் பேசவில்லை.