தலையாட்டினால்தான் அடுத்த அடி

ஐந்தருவியில் குளிக்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அவர். மேலகரத்துக்காரர், விடுமுறையில் வந்திருந்த ராணுவ வீரர். ஒட்ட வெட்டிய முடி, வெயிலில் கறுத்த கழுத்து. வழுக்குப் பாறையில் ஒவ்வொரு அடிக்கும் திரும்பி என்னைப் பார்த்தார்; நானும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

"என்ன வே, என்னயே திரும்பித் திரும்பிப் பாக்கீரு?"

"பழக்கம் அண்ணாச்சி. போன மாசம் மங்கோலியாவுல கூட்டுப் பயிற்சி. அவங்க ஆளு ஒருத்தனையும் என்னையும் ஒரே கயித்துல கட்டி மலையேற விட்டாவ. பாஷை தெரியாதுல்லா? நான் திரும்பிப் பாப்பேன். அவன் தலையாட்டுனாத்தான் அடுத்த அடி. நாங்க கெளம்புதப்ப அழுதுட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன்தான். வெளிநாடு பார்க்காததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் கிளம்பிய அன்று எவன் அழுதான்?

அருவிக்குப் பக்கத்தில், கடைசிப் பாறையில் அவர் மறுபடி திரும்பினார். நான் தலையாட்டவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவரோ நான் தலையாட்டிவிடுவேன் என்ற நம்பிக்கையில் சிரித்துக்கொண்டே நின்றார்.

என் தலையாட்டலுக்காகப் பட்டாளத்தில் ஒருவனும் நின்றதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவரை நிற்க வைத்தேன்.