சயந்தினியின் முழுநேர வேலை

என் தம்பி சஞ்சயனின் மனைவி சயந்தினி 1979 மார்ச் 3 அன்று பிறந்தவர். கடவுச்சீட்டில் மார்ச் 8 என்றிருப்பது எழுதியவரின் பிழை. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை கற்று, 2004இல் திருமணமாகி ஜேர்மன் நகரான வுப்பர்டாலுக்கு வந்தார். அங்குள்ள முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினான்கு ஆண்டுகள் அரைநாள் உதவியாளராக இருந்தார். முழுநேரம் கேட்ட ஒவ்வொரு முறையும் விடை ஒன்றே: ஆஸ்பில்டுங், அதாவது மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி, முடித்த சான்றிதழ் வேண்டும். அவரது உயர்தரச் சான்றிதழை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சென்ற ஆண்டு அங்கே முழுநேரச் சமையலாளர் ஒருவர் ஓய்வுபெற இருந்தார். நெடுங்காலம் வேலை செய்தவர்கள் பயிற்சிக்குப் போகாமலே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்றும், சித்தியடைந்தால் அந்த இடம் சயந்தினிக்கே என்றும் சமையலறைத் தலைவி கூறினார். சயந்தினி எட்டு மாதம் படித்து எழுத்துப் பரீட்சையைக் கடந்தார். கூடவே அம்மனுக்கு ஒரு நேர்த்தியும் வைத்தார்: செய்முறைப் பரீட்சை முடியும்வரை, வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும்வரை வாயில் எதுவும் படாது.

செய்முறைப் பரீட்சைக்குத் திகதி வந்தபோது, நாட்காட்டியைப் பார்த்தவர் சஞ்சயன்தான். வெள்ளிக்கிழமை.

“சமையல் சோதினைக்கு விரதத்தோட போற முதல் ஆள் நீராத்தான் இருப்பீர்,” என்றார். “அம்மனுக்கு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருமன்.”

“பகிடி விடாதேங்கோ. மணத்திலயே எனக்குப் பதம் தெரியும்.”

அன்று அவருக்குக் கிடைத்தது மீனும் கடுகுக் குழம்பும். மற்றவர்கள் கரண்டி கரண்டியாகச் சுவைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பாத்திரத்தின்மேல் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார். பரீட்சகர் ஒருவர் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். மணம் சரியாகவே இருந்தது. ஆனால் தட்டில் ஊற்றப் பத்து நிமிடம் இருக்கையில், உப்புப் போட்டோமா என்பது நினைவுக்கு வரவில்லை. அம்மன் பொறுப்பார், பரீட்சகர் பொறுக்கமாட்டார் என்று எண்ணிக் கரண்டியை வாயில் வைத்தார். உப்பு துளியும் இல்லை. போட்டார், மறுபடியும் சுவைத்தார், தட்டுகளை அனுப்பினார்.

முடிவை அன்று மாலையே சொல்லிவிட்டார்கள். ஆனால் வாசலில் நின்று சயந்தினி கணவருக்குத் தொலைபேசியில் முதலில் சொன்னது வேறு.

“இஞ்சாருங்கோ, விரதம் முறிஞ்சுபோச்சு.”

“சோதினை?”

“எண்பத்திநாலு புள்ளி.”

முறிந்த விரதத்துக்காக அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் மேலதிகமாகப் பட்டினி இருந்தார். ஒகஸ்ட் முதலாம் திகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்: வாரம் முப்பத்தொன்பது மணித்தியாலம். அந்த வரியைச் சஞ்சயன் இரண்டு முறை வாசித்துவிட்டு, இனி வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார்.

“நீங்கள்தான்,” என்றார் சயந்தினி. “உங்களுக்கு ஆஸ்பில்டுங் இண்டைக்குத் தொடங்குது. மூண்டு வருசம்.”