ஸ்ட்ரோபெரிக் குளிசை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நுவரெலியாவில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து இரசாயனம் படித்தவள் நான். வேலை நிரந்தரமானதும் அம்மா கொழுந்துக்கூடையை இறக்கிவிடலாம் என்று வீட்டில் பேசிவைத்திருந்தோம். நிரந்தரமாக்குவது யாழ்ப்பாணத்துக்காரரான தலைமை இரசாயனவியலாளர் சேரின் கையில் இருந்தது.

எங்களுக்கு நிறைய வேலை தரும் ஒரு கம்பனி கூட்டில் தூள் அடைத்த மாத்திரைகளான ஸ்ட்ரோபெரிக் குளிசைகளைச் சோதனைக்கு அனுப்பியது. பழத்தின் ஆன்டிஒக்சிடன்ட் சத்து நிறைந்தது என்று டப்பாவில் பெருமையடித்திருந்தார்கள். கூட்டைப் பிரித்து, தூளைக் கரைத்து, அந்தச் சத்தின் மொத்த அளவு பார்க்கும் மருந்தை விட்டேன். கரைசல் கருநீலமானது. நீலம் கூடினால் அளவும் கூடுதல். சேருக்குப் பரம திருப்தி.

ஆனால் அந்தச் சோதனை, சத்து எதிலிருந்து வந்தது என்று சொல்லாது. ஸ்ட்ரோபெரியின் சிவப்பு கடும் அமிலத்தில் நிற்கும், அமிலம் குறைந்தால் வெளுக்கும். இந்தத் தூளின் சிவப்பு இரண்டிலும் அசையவில்லை. வெறும் சாயம்! கரைசலில் வந்த வாடையும் எனக்குப் புதிதல்ல. லயத்தில் விடிந்ததும் ஊற்றிக் குடிக்கிற சாயத்தண்ணியின், பால் விடாத தேத்தண்ணியின் வாடை அது.

வெண்தூள் பூசிய கண்ணாடித் தட்டில் மூன்று பொட்டு வைத்தேன்: சந்தையில் வாங்கிய ஸ்ட்ரோபெரியின் சாறு, குளிசைத் தூள், என் ஃபிளாஸ்கில் இருந்த தேத்தண்ணி. தட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தி, அது பொட்டுகளை இழுத்துக்கொண்டு மேலேறியபின் மருந்து தெளித்ததும் குளிசையும் தேத்தண்ணியும் ஒரே உயரத்தில் வந்து நின்றன. பழம் தன் வழியே தனியாகப் போயிருந்தது. மறுபடி செய்தேன், அதேதான். கழிவுத் தேயிலைக்குச் சிவப்புச் சாயம் போட்டு அடைத்திருக்கிறார்கள்.

தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அளவு கூடத்தானே இருக்கு, பிறகென்ன? ஸ்ட்ரோபெரி எண்டு எழுதிக் கையெழுத்து வையும்" என்றார் சேர்.

"அளவு சரிதாங்க சேர். பழந்தான் இல்ல."

"தேயிலையிலயும் நல்ல சத்துத்தானே இருக்கு. குடிக்கிற ஆளுக்கு என்ன நட்டம்?"

"அப்ப தேயிலைன்னே டப்பாவுல போடச் சொல்லுங்க."

சிரித்துவிட்டார். "தேயிலை எண்டு போட்டா ஆர் பிள்ளை வாங்குவினம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் எங்கள் பெண்கள் பறித்த கொழுந்து தன் பெயரில் போய் நிற்கக் கூடாதாம். முகத்துக்குச் சிவப்புப் பூசி, வேறு பெயர் சொன்னால்தான் மதிப்பாம். படித்த படிப்பை இதற்கா கொண்டுவந்தேன்?

ஸ்ட்ரோபெரி நிறமி இல்லை, இருப்பது தேயிலை என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் சேர். சரிங்க என்று வந்துவிட்டேன்.

அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை போச்சும்மா."

"என்னத்துக்கு?"

"தேயிலைய தேயிலைன்னு சொன்னேன்."

அம்மா மற்ற முழங்காலுக்குக் கையை மாற்றினார்.

"பின்ன, வேற எப்படிச் சொல்லுவாங்களாம்?" என்றார்.