எடை குறைந்த எலிகள்

எலியக்கா என்றால்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருடமாகக் கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, வெள்ளிக்கிழமைதோறும் எலிகளைத் தராசில் வைத்து எடை எழுதுகிறவர். அந்த நோட்டை யாரும் புரட்டியதில்லை. மெத்தப் படித்தவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது!

பேராசிரியர் ஒரு புரதத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தார். மூளைச் செல்லின் உட்கருவில் உட்கார்ந்து, எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதமாம். அது படுத்துவிட்டால் செல்கள் சாகும், கை நடுங்கும், கால் பின்னும். அதைத் தட்டியெழுப்ப ஒரு மருந்து கண்டுபிடித்தார். மருந்து தின்ற எலிகள், கைகால் உறுதியைச் சோதிக்கும் சுழலும் உருளையிலிருந்து விழாமல் இரண்டு மடங்கு நேரம் நின்றன. உடனே கட்டுரை, மேடை, கைதட்டல்.

நிற்காமல் என்ன செய்யும்? மருந்து பசியைக் கொன்றதில் எலிகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. இளைத்த எலி உருளையில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது கூண்டு கழுவுகிறவருக்குத் தெரிந்தது, மேதைக்குத் தெரியவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று அக்காவும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து மனிதர்களுக்கு அதே மருந்து. பன்னிரண்டாவது ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் ஓட்டியவர். நாலு வருடமாக அதே நோய், டம்ளர்கூடக் கையில் நிற்காது. மனைவிக்குச் சொல்லாமலே வந்திருந்தார். பேராசிரியர் வாயெல்லாம் பல்லாக ஒப்புதல் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். விஷயம் காதில் விழுந்ததும் அக்கா நோட்டோடு ஓடிவந்தார்.

"கையெழுத்து போடாதீங்க!"

"நடுக்கம் நிக்கும்னு சொல்றாரே?"

"எலி இளைச்சுது, அதான் விழாம நின்னுச்சு. நீங்க இருக்கறதே நாப்பத்தாறு கிலோ."

பேராசிரியர் சிரித்தார். "எடையெல்லாம் கட்டுரையில வராதும்மா."

"ஏழாவது வாரம் அத்தனையும் செத்துச்சே, அதுவும் வராதா சார்? ஆறாவது வாரத்தோட எழுதி முடிச்சிட்டீங்க. அள்ளிப் போட்டவ நான்தானே."

மேதைக்கு முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். அப்பாடா என்று அக்காவுக்கு உயிர் வந்தது. அவரோ மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முன்னாடி பதினோரு பேர் போட்டிருக்காங்களாம். அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்லீங்க," என்றார் அக்கா. அவ்வளவு நேரம் பேராசிரியரை முறைத்தவருக்கு, வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை.