பெயர் வெட்டிய இரண்டு தட்டுகள்

காலை 6.30. ஜேடர்பாளையம் தடுப்பணை மேல் பனி இன்னும் விலகவில்லை. நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவன். எங்கள் சபை பல வருடங்களாகத் தாங்கிவரும் குழந்தைகள் இல்லம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளோடு பாட்டு, ஜெபம், பக்கத்து ஊர்ச் சபைகளில் ஆராதனை என்று பத்து நாள் சுகமாகப் போயிற்று. கடைசி நாள் வேலைதான் கஷ்டமானது. பதிமூன்று வயது பவித்ராவைக் கெங்கவல்லியில் அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.

தாய் தகப்பன் விபத்தில் போனபோது அவளுக்கு ஆறு வயது. சித்திக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லை. இப்போது குடும்பமாகி, அவரே கேட்டு எழுதி, குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியும் வந்துவிட்டது. பவித்ராதான் இறங்கி வரவில்லை.

"ஏழு வருசமா வராதவங்க இப்ப மட்டும் எதுக்குங்க கூப்புடறாங்க?" என்றாள், காரில் ஏறும்போதே.

"போயிப் பாப்போம் சாமி. புடிக்கலீன்னா இதே வண்டியில திரும்பீரலாம்" என்றார் இல்லத்தின் பொறுப்பாளர் எஸ்தரம்மா.

"அப்ப என் பை வண்டியிலயே இருக்கட்டுங்க. நானா வந்து எடுத்தாத்தான் அங்க இருக்கறேன்னு அர்த்தம்."

எஸ்தரம்மா தலையாட்டினார். நான் வழி நெடுக அந்த நீலப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காலை 9.30. நாமக்கல் வழியாகச் சேலம், ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். பாத்திரக் கடைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் காரை விட்டால் சாயங்காலம்தான் வெளியே வரலாம் என்று டிரைவர் கையை விரித்துவிட, ஆட்டோவில் போனோம். பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று 280 ரூபாய்க்கு ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினோம். பேர் வெட்டத் தனிக் காசு வாங்குவதில்லை.

"யார் பேருங்க வெட்டோணும்?" என்றார் கடைக்காரர்.

நான் முந்திக்கொண்டு எங்கள் சபையின் பெயரைச் சொன்னேன். பழக்க தோஷம். கிள்ளானில் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும் இறக்கையில் பெயர் எழுதிவிட்டுத்தான் மாட்டுவோம். எஸ்தரம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மிஷின் பாதிப் பெயரைத் தாண்டிவிட்டது. பவித்ரா தட்டைப் பார்த்தாள், காருக்குத் திரும்பியதும் பைக்குள் வைத்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியம் 12.45. ஆத்தூர் தாண்டி மரவள்ளியும் சோளமுமாகக் காடுகள். கெங்கவல்லியில் சித்தி செல்வி வாசலுக்கு ஓடி வந்தார். கட்டிப் பிடிக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "வாம்மா, முதல்ல சாப்பிடு" என்றார்.

எங்களுக்கு வாழையிலை போட்டார். பவித்ராவுக்கு மட்டும் ஒரு பழைய தட்டு. எனக்குச் சுருக்கென்றது. வந்த முதல் நாளே வேறு பந்தியா? வாயைத் திறக்கப் போனேன். எஸ்தரம்மா என் முழங்கையைத் தொட்டார்.

பவித்ரா வழக்கம்போலக் கண்ணை மூடி ஜெபித்தாள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த செல்வி, அவள் முடிக்கும்வரை சோற்றுக் கரண்டியோடு காத்து நின்றார். கண் திறந்த பவித்ரா தட்டின் விளிம்பைத் தடவினாள். 'பவித்ரா காதணி விழா' என்று வெட்டியிருந்தது.

"உங்கம்மா சாமானெல்லாம் சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் இத மட்டும் கேட்டு வாங்கினேன். இதுல யாரையும் சாப்பிட விட்டதில்ல" என்றார் செல்வி.

"அப்பறம் ஏனுங்க சித்தி என்னைய இல்லத்துல விட்டீங்க?"

"அப்ப என்னால தட்ட மட்டும்தான்டி வச்சுக்க முடிஞ்சுது."

செல்வி அழுதார். பவித்ரா அழவில்லை, தட்டைச் சோற்றுக்கு நீட்டினாள்.

மதியம் 3.00. கிளம்ப எழுந்தோம். அவள் எங்கள் பின்னாலேயே நடந்து வந்து கார்க் கதவைத் திறந்தாள். ஏறப் போகிறாளோ என்று பயந்தேன். பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பாடா என்றேன், வாய்விட்டே.

பிறகு பையிலிருந்து புதுத் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இதுல உங்க சபை பேருதானுங்க அங்கிள் இருக்குது. ஜேடர்பாளையத்துலயே வெச்சிருங்க. லீவுக்கு வந்தா எனக்குச் சாப்புடத் தட்டு வேணுமில்லீங்க?"

ஆத்தூர் வரும்வரை எஸ்தரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். தட்டு என் மடியில் இருந்தது.

நாளை திருச்சியில் விமானம். சபை மலருக்கு ஒரு அநாதைக் குழந்தையின் படம் வேண்டுமென்று ஊரில் கேட்டிருந்தார்கள், எடுக்கவில்லை. சபைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கைப் படிவத்தில் 'அநாதைகள் எத்தனை பேர்' என்ற கட்டத்தில் ஒன்றைக் குறைத்து எழுதினேன். இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் குறைத்ததில்லை.