விறகுக்குப் பின்னால் ஓர் அறை

வங்கியில் வீட்டுக் கடன் மேசைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் அப்படியொரு மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. ஆகவே தவணை நாளை எண்ணிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

குறைந்த வட்டி

சாந்தி டீச்சர் டிக்கோயாவில் வீடு வாங்கியது வட்டி உச்சியில் இருந்த நேரம். தவணைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கணவர் சேகர் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளிலேயே ஊரெல்லாம் வட்டி இறங்கியது, டீச்சர் கடன் வாங்கிய இடத்தில் மட்டும் இறங்கவில்லை. எங்களிடம் குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் எடுத்து, பழையதை அடைக்க வந்தார்.

புதுத் தவணையைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னும் குறையாதா?" என்பதுதான் வழக்கமான கேள்வி. டீச்சர் கேட்டது வேறு: "இவ்வளவுதான்னா என் சம்பளத்திலேயே கட்டிறலாமே சார். அவர வரச் சொல்லிறட்டுங்களா?"

இல்லாத அறை

அவசரப்பட்டுவிட்டார். மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்துவிட்டு இரண்டே அறை என்று எழுதி அனுப்பினார். அந்த மதிப்புக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய தொகை பழைய கடனை அடைக்கப் போதாது. அதாவது, கடன் இல்லை. சேகரும் வரமுடியாது.

டீச்சர் ஓடி வந்தார். "மூணு அறை சார்! மூணாவது மாமா தன் கையால கட்டினது. பிரதேச சபையில அனுமதியும் வாங்கியிருக்கோம்" என்றார். மதிப்பீட்டாளரை அழைத்துக் கேட்டேன். அன்றைக்கு டீச்சர் பள்ளிக்கூடத்தில். வீட்டில் மாமனார் முத்தையா மட்டும். பின்னால் விறகு அடுக்கி மறைத்திருந்த கதவைக் காட்டிக் கேட்டதற்குப் பெரியவர் சொன்னாராம்: "அது எங்களுது இல்லைங்க."

மறுபடியும் ஒருமுறை

இரண்டாம் முறை மதிப்பீட்டாளரோடு நானும் போனேன். முத்தையா டயகம பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வரிசை வீட்டிலேயே இருந்து ஓய்ந்தவர். எங்களைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் வீட்டு வாசலிலேயே ஒதுங்கி நின்றார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"லயத்துக்குப் பின்னால சமைக்க ஒரு குசினி எறக்குனேங்க. இப்படித்தான் ரெண்டு பேரு வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. மறுநாள் தோட்டத்துத் தொரை ஆளனுப்பி இடிச்சிட்டாரு."

நானும் லயத்தில் பிறந்தவன்தான். "ஐயா, இது உங்க வீடு, உங்க மண்ணு. யாரும் இடிக்க முடியாது. இந்த அறையையும் எழுதினாத்தான் மகன் வரலாம்" என்றேன்.

பெரியவர் எங்களைத் தொடவிடாமல், அத்தனை விறகையும் தானே எடுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே புதுக் கட்டில், மெத்தையில் கடையில் சுற்றிய பொலித்தீன் அப்படியே இருந்தது. துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு மதிப்பீட்டாளரிடம் சொன்னார்: "எங்களுதுதாங்க. நான்தான் கட்டுனேன். நல்லா எழுதிக்கோங்க, எம் மகன் வந்து படுக்கிற அறை."

கடைசியாக

கடன் கைமாறி, சேகரும் வந்து அந்த மெத்தையின் பொலித்தீனைப் பிரித்தாயிற்று. முத்தையா மட்டும், யார் பேனாவோடு வாசலில் நின்றாலும் முதலில் அந்த அறையைத்தான் திறந்து காட்டுகிறாராம், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவருக்குக்கூட.